1970, 59.6, 70, 2,14,74,83,647: இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கேள்வி இதுதான். பேட்டரி முழுக்க இறங்கிக் கிடந்த ஒரு கருவியை மறுபடி இயக்கினால் தேதி 1 ஜனவரி 1970 என்று காட்டுகிறது. 64 ஜிபி என்று அச்சிட்ட பென் டிரைவைச் செருகினால் 59 ஜிபி சொச்சம்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற எஸ்எம்எஸ் தமிழில் எழுபதைத் தாண்டினாலே இரண்டாக உடைகிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் நிரல் 0.30000000000000004 என்கிறது. இவை தனித்தனிக் கோளாறுகளா, இல்லை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணமா?

பெரும்பாலும் ஒரே காரணம்தான். எதைச் சேமிக்க வேண்டுமானாலும், அது நேரமாக இருந்தாலும் பணமாக இருந்தாலும் எழுத்தாக இருந்தாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து இரண்டு விஷயங்களை முடிவு செய்தாக வேண்டும்: இதற்கு எத்தனை பிட் (0 அல்லது 1 என்று ஒன்றைக் குறிக்கும் இடம்) ஒதுக்குவது, எங்கிருந்து எண்ணத் தொடங்குவது. அந்த முடிவுகள் பல, இருபது முப்பது ஐம்பது வருஷங்களுக்கு முன் எடுக்கப்பட்டவை, அன்றைக்கு இருந்த நினைவகத்துக்கும் வேகத்துக்கும் மிகச் சரியானவை. அந்த முடிவின் விளிம்பில் நாம் போய் இடிக்கும்போதுதான் இப்படி விசித்திரமான எண் எதுவோ திரையில் வந்து நிற்கிறது. இது மென்பொருள் எழுதுகிறவர்களுக்குப் பெரிய உதவி, ஏனென்றால் அந்த எண்ணே தடயம். எண்ணைப் பார்த்தே எங்கே இடித்திருக்கிறது என்று பல சமயம் சொல்லிவிடலாம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

முதலில் 1970. யூனிக்ஸ் என்ற பழைய இயக்க முறைமையின் வழி வந்த எல்லா அமைப்புகளும், அதாவது இன்றைய கைபேசிகளும் சர்வர்களும் பெரும்பாலும், நேரத்தை ஒரே ஒரு எண்ணாக வைத்துக்கொள்கின்றன: கிரீன்விச் நேரப்படி 1 ஜனவரி 1970 நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பது. கடிகாரத்துக்கு மின்சாரம் போய் அந்த எண் அழிந்துவிட்டால் மிஞ்சுவது பூஜ்யம், பூஜ்யம் என்றால் 1 ஜனவரி 1970. அவ்வளவுதான். ஏதாவது ஒரு செயலியில் 'கடைசியாக உள்நுழைந்தது 1970' என்று பார்த்திருந்தால் அதற்கும் இதுவே பொருள்: அந்த இடத்தில் தேதியே இல்லை, காலியாக இருந்ததை யாரோ தேதியாக மாற்றிக் காட்டிவிட்டார்கள். கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பவர்களுக்கு இதே பூஜ்யம் 31 டிசம்பர் 1969 என்று தெரியும், கிழக்கே இருப்பவர்களுக்கு 1970 ஜனவரி ஒன்றாம் தேதியில் சில மணி நேரம் கழிந்ததாகத் தெரியும். அதனால் அந்தத் தேதியோடு வரும் மணியைக் கவனித்தால் சர்வர் எந்த நேர மண்டலத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதுகூடப் புரிந்துவிடும்.

1970-க்குப் பின்னால் வானியல் காரணம் எதுவும் கிடையாது, பக்கத்தில் இருந்த ஒரு வசதியான வருஷம். 1971-இல் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில் எண்ணிக்கை 1 ஜனவரி 1971-லிருந்து தொடங்கியது, அதுவும் வினாடியில் இல்லை, வினாடியில் அறுபதில் ஒரு பங்காக. 32 பிட்டில் அப்படி எண்ணினால் இரண்டேகால் வருஷத்தில் நிரம்பிவிடும். அப்புறம்தான் முழு வினாடிக்கும் 1970-க்கும் மாறினார்கள். இந்த மாற்றத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். துல்லியத்தை விட்டுக்கொடுத்து நீண்ட ஆயுளை வாங்கியிருக்கிறார்கள், இந்தத் துறையின் முக்கால்வாசி முடிவுகள் இப்படிப்பட்ட பேரம்தான்.

எல்லோரும் 1970-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். ஒரு ஸிப் கோப்பைத் திறந்து உள்ளே இருப்பவற்றின் தேதி 1980 என்று வந்தால் அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பூஜ்யம், அந்த வழி வந்த கோப்பு முறைகள் 1 ஜனவரி 1980-லிருந்து எண்ணுகின்றன. 30 டிசம்பர் 1899 என்று ஒரு தேதி எட்டிப் பார்த்தால் அந்தத் தரவு எங்கோ ஒரு விரிதாளிலிருந்து (எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளிலிருந்து) வந்திருக்கிறது. 1601 என்று வந்தால் விண்டோஸ்: அது 1 ஜனவரி 1601-லிருந்து, நூறு நானோ வினாடி ஒரு அலகாக எண்ணுகிறது, கிரிகோரியன் நாட்காட்டியின் 400 வருஷச் சுற்று ஒன்று தொடங்கும் வருஷம் என்பதால். தேதிகள் எல்லாம் சரியாக 31 வருஷம் பின்தங்கி வந்தால், ஆப்பிளின் எண்ணிக்கையை யாரோ யூனிக்ஸ் எண்ணிக்கையாகப் படித்துவிட்டார்கள் என்று அர்த்தம், ஆப்பிளின் நூலகங்களுக்குப் பூஜ்யம் 1 ஜனவரி 2001.

அந்த 30 டிசம்பர் 1899-க்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் 1900-ஐ லீப் வருஷமாக எடுத்துக்கொண்டது. 1900 லீப் வருஷம் இல்லை, நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட வேண்டும். ஆனால் அப்படி எடுத்துக்கொண்டால் கணக்குப் போடும் நிரல் சின்னதாகிறது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகள் பிசகாமல் திறக்க வேண்டும் என்பதற்காக அந்தத் தவறைத் தெரிந்தே அப்படியே எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் எக்செல்லில் 60 என்று எழுதித் தேதியாக மாற்றினால் 29 பிப்ரவரி 1900 வரும், உலகத்தில் இல்லாத ஒரு நாள். அந்த ஒரு நாளைச் சரிக்கட்டத்தான் வேறு சில விரிதாள்கள் தங்கள் பூஜ்யத்தை ஒரு நாள் முன்னே தள்ளி டிசம்பர் 30-இல் வைத்தன. இதைத் தவறு என்று திட்டுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். லட்சக்கணக்கான பேரின் கோப்புகளில் ஏற்கெனவே பதிந்துவிட்ட ஒரு பிழையைத் திருத்துவது, திருத்தாமல் விடுவதைவிடக் கெடுதலாக முடியக்கூடும்.

சரி, எங்கிருந்து எண்ணுவது என்பது இது. அடுத்தது, எவ்வளவு தூரம் எண்ண முடியும் என்பது.

பழைய வண்டிகளில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000-க்குத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். கணினியின் எண்களும் அப்படித்தான், ஆனால் பத்தின் அடுக்கில் இல்லாமல் இரண்டின் அடுக்கில் நிரம்பும். 8 பிட் என்றால் 255 வரை. 16 பிட் என்றால் 65,535 வரை. 32 பிட் என்றால் 4,29,49,67,295 வரை, கழித்தல் குறிக்கு ஒரு பிட் எடுத்துக்கொண்டால் 2,14,74,83,647 வரை. இந்த நாலு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அமைப்பு எந்த இடத்தில் உடைகிறது என்று பார்த்து, அது இவற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. கழித்தல் குறி வைத்த எண்ணுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நிரம்பியதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பாது, மிகப் பெரிய கழித்தல் எண்ணாகப் புரளும். கூட்டிக்கொண்டே போன ஒரு கணக்கு திடீரென்று மைனஸ் 200 கோடிச் சொச்சம் காட்டினால் இதுதான்.

2014 டிசம்பரில் யூடியூப் இதை எல்லோர் கண்ணுக்கும் காட்டியது. 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வை எண்ணிக்கை 2,14,74,83,647-ஐத் தாண்டியது, அப்போது அவர்கள் கவுண்டரை 64 பிட்டாக மாற்றிவிட்டதாக அறிவித்தார்கள். ஒரே வீடியோவை இத்தனை முறை பார்ப்பார்கள் என்று வடிவமைத்தபோது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2022-ஆம் வருஷம் பிறந்த அன்று நடந்தது இன்னும் நுட்பமானது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மின்னஞ்சல்கள் வரிசையில் தேங்கி நின்றன. காரணம், வைரஸ் சோதனைப் பகுதி தன் பதிப்பு எண்ணை வருஷம், மாதம், நாள், அப்புறம் நாலு இலக்கம் என்று ஒட்டி ஒரு 32 பிட் எண்ணாக வைத்திருந்தது. 2021 முடியும்வரை அந்த எண் 21-இல் தொடங்கும், எல்லைக்குள் அடங்கும். 2022 பிறந்ததும் 2201010001 ஆனது, எல்லையோ 2147483647. தேதியை இப்படி இலக்கமாக ஒட்டி வைக்கிற பழக்கம் ரொம்பப் பரவலானது, பார்க்க வசதியாகவும் இருக்கும். உங்கள் நிரலிலும் இருந்தால் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள்.

எண்ணிக்கை நாட்களில் வந்தாலும் இதே கணக்குதான். விண்டோஸ் 95, 98 இரண்டும் தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்து போகக்கூடியவை. 32 பிட்டில் மில்லி வினாடிகளை எண்ணிக்கொண்டே போனால் 49.7 நாளில் நிரம்புகிறது. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது: 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் மின்னாக்கிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் நாலும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடலாம், அதனால் அதற்கு முன்பே அணைத்து இயக்குங்கள் என்று. உள்ளே இருக்கும் ஒரு கவுண்டர் நிரம்புவதுதான் காரணம் என்று அதிலேயே சொன்னார்கள். குறி வைத்த 32 பிட் எண்ணில் வினாடியின் நூறில் ஒரு பங்கை எண்ணினால் 248.55 நாள் வருகிறது.

'அணைத்துவிட்டுப் போடு' என்கிற வைத்தியம் ஏன் இத்தனை இடத்தில் வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் நிரலில் எண்ணிக்கைகள் ஏறும், திரும்பக் கொடுக்காத நினைவகம் சேரும், திறந்த கோப்புகள் மூடாமல் கிடக்கும், அது எழுதியவர் சோதித்துப் பார்க்காத நிலைகளுக்குப் போய்ச் சேரும். அணைத்துப் போட்டால் அவர் ஆயிரம் முறை சோதித்த நிலைக்கு, அதாவது ஆரம்ப நிலைக்கு வந்துவிடுகிறது. அதில் மந்திரம் எதுவும் இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எண் நிரம்பிப் புரண்ட கதை கேட்க அழகாக இருப்பதால் பொய்யும் நிறைய உலவுகிறது. 'சிவிலைசேஷன்' கணினி விளையாட்டில் காந்தி அணுகுண்டு போடுவதற்குக் காரணம், அவருடைய ஆக்ரோஷ அளவு 1-லிருந்து 2 குறைந்து 255 ஆகிவிட்டது என்று எங்கும் சொல்வார்கள். விளையாட்டை உருவாக்கிய சிட் மையரே அப்படி ஒரு பிழை இருந்ததில்லை என்று மறுத்துவிட்டார். உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் பேக்மேன் இருக்கிறது: 256-ஆவது கட்டத்தில் எட்டு பிட் எண் புரண்டு, திரையின் வலது பாதி முழுக்க அர்த்தமில்லாத எழுத்தும் வண்ணமுமாக நிரம்பி, ஆட்டத்தை முடிக்கவே முடியாமல் போகும்.

உயிரோடும் பணத்தோடும் விளையாடிய சம்பவங்களும் உண்டு. 4 ஜூன் 1996 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 வினாடிக்குள் சிதறியது. கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது அடங்கவில்லை. அந்த நிரல் ஏரியான் 4-க்கு எழுதியது, அந்த ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர வழியே இல்லை என்று கணக்குப் போட்டுத்தான் பாதுகாப்புச் சோதனையை விட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பாதை வேறு. என்னைக் கேட்டால் இதை ஒரு பிழை என்பதைவிட, எழுதி வைக்காத ஒரு நிபந்தனை என்பேன். நிரலை எடுத்துப் போய் வேறு இடத்தில் வைத்தார்கள், அது சார்ந்திருந்த நிபந்தனை கூட வரவில்லை.

அப்புறம் 2020 அக்டோபரில் இங்கிலாந்தில், கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய வடிவ எக்செல் கோப்புகள் வழியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான், ஒவ்வொரு நோயாளிக்கும் பல வரிசை பிடித்தது, மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துபோனது. கிட்டத்தட்ட 16,000 தொற்றுகள் அன்றாடக் கணக்கில் வராமல், தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. இதில் என்னை உறுத்துவது 65,536 இல்லை, அந்தச் சத்தமில்லாமை. எல்லை இருப்பது குற்றமில்லை. எல்லையைத் தொட்டதும் நின்று கத்தாமல், மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்வதுதான் குற்றம்.

இப்போது 0.1-க்கு வருவோம். பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை எழுதப் பாருங்கள்: 0.3333 என்று முடியாமல் போகும், எங்கோ வெட்டியாக வேண்டும். கணினியின் இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 மட்டும் வைத்து எழுதும்போது, பத்தில் ஒன்றுக்கு அதே கதி. 0.0001100110011 என்று 0011 முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரப்படி, நாம் டபுள் என்று சொல்லும் எண்ணில் முக்கிய இலக்கங்களுக்கு 53 பிட் உண்டு, அங்கே வெட்டி, பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குத் தள்ளிவிடுகிறது. ஆகவே கணினியில் இருக்கும் 0.1 உண்மையில் 0.1-ஐவிட இம்மி கூடுதல். 0.2-உம் அப்படியே. இரண்டையும் கூட்டும்போது அந்த இம்மிகள் சேர்ந்து பதினேழாவது தசம இடத்தில் தலை காட்டுகின்றன. டபுளில் கணக்குப் போடும் எந்த நிரல்மொழியில் எழுதினாலும் இதுதான் நடக்கும், சில மொழிகளும் விரிதாள்களும் காட்டும்போது கொஞ்சம் குறைவான இலக்கங்களோடு நிறுத்தி மறைத்துவிடுகின்றன. 0.5, 0.25, 0.75 போன்றவற்றில் பிரச்சினையே வராது, அவை இரண்டின் அடுக்குகளாக முழுசாக உடைபடும்.

இம்மிதானே என்று விட முடியாத இடங்கள் உண்டு. 25 பிப்ரவரி 1991 அன்று வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பு நேரத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணி, 24 பிட்டில் வெட்டிய 0.1-ஆல் பெருக்கியது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிழை ஒரு வினாடியின் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது 0.34 வினாடியாகச் சேர்ந்துவிட்டது. ஸ்கட் வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், 0.34 வினாடியில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும், அமைப்பு தேடிய இடத்தில் அது இல்லை.

கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டெண் இன்னொரு வகை. 1982-இல் 1,000 என்று தொடங்கினார்கள், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மறுபடி கணக்கிட்டு, மூன்று தசம இடத்துக்கு மேல் இருப்பதை வெட்டினார்கள், கிட்டத்தில் இருக்கும் எண்ணுக்குத் தள்ளவில்லை. வெட்டும்போது எப்போதும் குறையத்தான் செய்யும். 1983 நவம்பரில் அது 520-களில் இருந்தது, சரியாகக் கணக்கிட்டபோது 1,098. சந்தை ஏறிக்கொண்டிருக்கக் குறியீடு பாதியாகத் தேய்ந்திருக்கிறது.

ஆகவே பணத்தை டபுளில் வைக்காதீர்கள். மிகச் சிறிய அலகில், முழு எண்ணாக வையுங்கள், அல்லது உங்கள் மொழியில் தசமக் கணக்குக்கென்று தனி வகை இருந்தால் அதை எடுங்கள். இரண்டு டபுள்கள் சமமா என்று நேராக ஒப்பிடாதீர்கள், வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் எல்லாமே டபுள், அதனால் 9,00,71,99,25,47,40,992-க்கு மேல் போனால் ஒற்றைப்படை முழு எண்ணைக்கூட அதனால் சரியாக வைத்துக்கொள்ள முடியாது. ட்விட்டர் 2010-இல் பதிவுகளுக்கு 64 பிட் அடையாள எண் கொடுக்கத் தொடங்கியபோது, உலாவியில் கடைசி இலக்கங்கள் மாறிப்போகும் என்பதால் அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பினார்கள்.

இதையொட்டி நான் எல்லோரிடமும் வலியுறுத்துகிற ஒன்று: எண்ணால் எழுதப்படுவது எல்லாம் எண் இல்லை. தொலைபேசி எண்ணைக் கூட்டுவோமா, வங்கி அட்டை எண்ணைப் பாதியாக்குவோமா? கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாக வையுங்கள். எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும், 16 இலக்க அட்டை எண்ணைப் போட்டால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் காணாமல் போகும். மரபணு ஆய்வில் மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்த மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மென்பொருளை மாற்றுவதைவிட உயிரியலின் பெயர்ப் பட்டியலை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது!

பென் டிரைவ் விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கலாம். தயாரிப்பாளர் ஏமாற்றவில்லை. அவருக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்). விண்டோஸுக்கு ஒரு ஜிபி என்றால் 1,024-ஐ மூன்று முறை பெருக்கியது, 107 கோடிச் சொச்சம். 6,400 கோடியை அதால் வகுத்தால் 59.6. ஒரு டிபி வட்டு 931 ஜிபி ஆவதும் இதே வகுத்தல்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1998-இல் இரண்டின் அடுக்குக்கென்று கிபி (kibi), மெபி (mebi), ஜிபி (gibi) என்று தனிப் பெயர்கள் வைத்தார்கள், பேச்சில் அவை நிலைக்கவில்லை, தமிழில் எழுதினால் GB என்ற 'ஜிபி'யும் gibi என்ற 'ஜிபி'யும் ஒன்றாகவே தெரிகிறது என்பது வேறு சங்கடம். மேக் கணினிகள் 2009 முதல் ஆயிரத்தின் கணக்கிலேயே காட்டுகின்றன, அங்கே அதே பென் டிரைவ் 64 என்றே தெரியும். வேடிக்கை என்னவென்றால் பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பி இரண்டு கணக்கிலும் சேராதது: 1,440-ஐ 1,024-ஆல் பெருக்கி 14,74,560 பைட், ஆயிரத்தையும் 1,024-ஐயும் கலந்த ஒரு மெகாபைட்.

எழுத்துகளில்தான் நமக்கு நேரடியாக வலிக்கும். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 140 பைட், அதாவது 1,120 பிட். லத்தீன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்று வைத்ததால் 160. தமிழுக்கு அந்த 7 பிட் பட்டியலில் இடமில்லை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 16 பிட், 70 தான் வரும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு எமோஜி சேர்த்தாலும் அந்தச் செய்தி முழுக்க 16 பிட்டுக்கு மாறி அதுவும் 70 ஆகிவிடும். நீளமாகி உடைந்தால், துண்டுகளைச் சேர்க்கும் தகவலுக்கு ஆறு பைட் போய், துண்டுக்கு 153-உம் 67-உம்தான் மிஞ்சும்.

அந்த எழுபதும் எழுபது எழுத்து இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் 'கி' என்பது க ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறியீடு. க் என்பதற்கும் இரண்டு. 'கொடி' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நாலு, யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 12 பைட். அதிலும் கொ-வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு விசைப்பலகை ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் எழுதினால், தேடும்போது கண் முன்னால் இருக்கும் சொல்லே 'இல்லை' என்று வரும். தமிழில் தேடல் வசதி எழுதுகிறவர்கள், சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் உரையை ஒரே யூனிகோட் இயல்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். எல்லா மொழியிலும் ஒரு வரியில் முடிகிற வேலை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

யுடிஎஃப்-8-ஐ 1992-இல் கணினி வல்லுநர்கள் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் போடும் தாளில் வடிவமைத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு, எந்த பைட்டைப் பார்த்தாலும் அது எழுத்தின் ஆரம்பமா நடுவா என்று சொல்லிவிடலாம். தரவுத்தளத்தில் ஒரு புலத்துக்கு 20 பைட் என்று எல்லை வைத்து, அதில் தமிழ்ப் பெயரை வெட்டினால் ஆறு குறியீடு முழுசாகவும் ஏழாவது பாதியாகவும் நிற்கும், அந்தப் பாதிதான் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரிவது. தமிழ் உரை முழுக்க, மேலே சாய்கோடு போட்ட சின்ன லத்தீன் 'ஏ' (à) திரும்பத் திரும்ப வரும் குப்பையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உரை கெடவில்லை. தமிழ்க் குறியீடுகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றேதான், யுடிஎஃப்-8-ஐப் பழைய மேற்கு ஐரோப்பிய முறையில் படித்தால் அந்த பைட் அந்த 'ஏ'யாகத் தெரியும். படிக்கும் முறையை மாற்றினால் உரை திரும்பி வந்துவிடும். அந்தக் குப்பையைச் சேமித்து மட்டும் விடாதீர்கள்.

கடைசியாக 2038. குறி வைத்த 32 பிட்டில் வினாடிகளை எண்ணும் எல்லாம் கிரீன்விச் நேரப்படி 19 ஜனவரி 2038 அதிகாலை 3:14:07-க்கு நிரம்பி, அடுத்த வினாடி 13 டிசம்பர் 1901-க்குப் புரளும். 64 பிட் கணினிகளில் இது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. 32 பிட் கருவிகளுக்கும் லினக்ஸ் 5.6 பதிப்பில், 2020-இல், வழி செய்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நாம் எழுதியவற்றில்தான்: மைசீக்வெல் என்ற தரவுத்தள மென்பொருளின் டைம்ஸ்டாம்ப் வகைப் புலம் அந்த வினாடியோடு முடிகிறது, கோப்பு வடிவங்களிலும் நெறிமுறைகளிலும் நாலு பைட் ஒதுக்கி நேரம் எழுதிய இடங்கள் ஏராளம், சுவருக்குள் பொருத்திய கருவிகளை யாரும் புதுப்பிப்பதில்லை. 2038-க்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இருபது வருஷக் கடனின் கடைசித் தவணைத் தேதியும் காப்பீட்டின் முதிர்வுத் தேதியும் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. உங்கள் அமைப்பில் தேதி வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் 20 ஜனவரி 2038 என்று கொடுத்துச் சேமித்து, திரும்ப எடுத்துப் பாருங்கள். 1901 வந்தாலோ 1970 வந்தாலோ எங்கே தேட வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.